இஞ்சிவிளையைத் தாண்டாத பன்னாட்டு ஒப்பந்தங்கள்

பல்கலைக்கழகங்களின் முகநூல் பக்கங்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் படம் ஒன்று உண்டு. நீண்ட மேசை, அதன்மேல் இரு நாட்டுச் சிறு கொடிகள், நடுவில் துணைவேந்தர், எதிரே அயல்நாட்டு விருந்தினர், பின்னால் கைகட்டி நிற்கும் துறைத்தலைவர்கள். கோப்புகள் கைமாறுகின்றன, பொன்னாடை போர்த்தப்படுகிறது. கீழே மூன்று சொற்றொடர்கள்: கூட்டு ஆய்வு, ஆசிரியர் பரிமாற்றம், மாணவர் பரிமாற்றம். மூன்றாண்டுகள் கழித்து அந்த ஒப்பந்தத்தின்கீழ் எத்தனை மாணவர்கள் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஆய்வு நிறைவெய்தியது என்று கேட்டால் அதற்கு மட்டும் படம் இருப்பதில்லை.

இந்தியா முழுவதற்கும் பொதுவான இந்த நோயைத் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நின்று பார்த்தால் அதன் முழு உருவமும் தெரியும். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்திலிருந்து பாறசாலை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வழியில் நெய்யாற்றின்கரை. பாறசாலையைக் கடந்தால் இஞ்சிவிளை. அதற்கடுத்த அடியில் களியக்காவிளை, தமிழ்நாடு. பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. பேசுவோரின் மொழி அவ்வளவு சட்டென்று மாறுவதில்லை. கடைக்காரர் இரு மொழியிலும் விலை சொல்கிறார். பெண் கொடுத்தவர்கள் அந்தப் பக்கம், எடுத்தவர்கள் இந்தப் பக்கம். சந்தையும் கோயில் திருவிழாவும் தேவாலயத் திருநாளும் எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. பொருட்படுத்திய நிறுவனங்களுள் முதன்மையானது பல்கலைக்கழகம்.

கடல் கடந்து ஒப்பந்தம் போடும் பல்கலைக்கழகங்களால் இஞ்சிவிளையைக் கடந்து ஒரு பருவத்துக்கு ஒரு மாணவியை அனுப்ப வழி செய்ய முடியவில்லை. பன்னாட்டுமயம் என்ற பெயரில் இங்கு நடப்பதன் தரத்தை அளக்க இந்த ஒன்றே போதிய அளவுகோல்.

ஒரே வினாத்தாள் இரண்டான கதை

1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் ஒரே பல்கலைக்கழக எல்லைக்குள் இருந்தன. ஸ்காட் கிறித்தவக் கல்லூரி மாணவரும் திருவனந்தபுரம் மாணவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதினர். 1952இல் தொடங்கப்பட்ட தெ. தி. இந்துக் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாகவே பிறந்தது. தமிழாய்வுக்கென ராம. அழகப்பச் செட்டியார் வழங்கிய ஒரு இலட்சம் ரூபாய் நிதியால் அங்கு ஓர் இருக்கை அமைந்தது. 1951 முதல் 1954 வரை ச. வையாபுரிப் பிள்ளை அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தவர்களின் கோரிக்கை பாதி நிறைவேறி, பாதி நின்றுபோனது. எந்த வட்டம் எங்கே போயிருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை இனி எழுப்புவதில் பொருளில்லை. அந்த நாளில் கல்விக்கு நேர்ந்ததுதான் இன்றும் முடிவுக்கு வராத வழக்கு. குமரி மாவட்டக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், 1966இல் மதுரைக்கும், 1990இல் திருநெல்வேலியில் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் மாறின. களியக்காவிளை மாணவருக்கு அவரது பல்கலைக்கழகம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அயல் பல்கலைக்கழகம் அதில் பாதித் தொலைவில்.

மாநிலச் சீரமைப்போடு வந்த அரசமைப்பின் ஏழாவது திருத்தம் 350ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. எல்லை வகுத்தவர்களுக்கு, அந்தக் கோட்டின் இரு பக்கமும் குழந்தைகள் நிற்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. ஆனால் அந்த அக்கறை தொடக்கப் பள்ளியோடு முடிந்துவிட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்கு வரும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு மாணவியின் பயணம்

பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூரில் வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமும் பேசி வளர்ந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பார்க்கலாம். மொழியியலில் இளங்கலை, முதுகலை படிக்க விரும்புகிறாள். அவள் காதில் விழும் இரு மொழிக் கலப்பே ஓர் ஆய்வுக்களம். முதுகலையில் ஒரு பருவம் மட்டும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தமிழ் இலக்கணமும் படித்து, மதிப்பெண்ணோடு திரும்பி வந்து பட்டத்தை முடிக்க வேண்டும் என்று நினைக்கிறாள்.

அதற்கு வழி கேட்டால், படிப்பை விட்டுவிட்டுப் போகும் வழி மட்டுமே காட்டப்படும். மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், புதிய பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு. மாநிலம் மாறினால் இடஒதுக்கீட்டு உரிமையும் உடன் வராது. ஒரு மாநிலத்தில் பட்டியல் வகுப்பினராக அறிவிக்கப்பட்டவர் மற்றொரு மாநிலத்துக்குச் சென்று அந்த உரிமையைக் கோர இயலாது என்று 1990இல் மர்ரி சந்திர சேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கே ஒரு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றியதுதான். ஒரே சாதி, ஒரே குடும்பம், ஒரே தெரு. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் பொதுப் பிரிவு.

அதே பெண் அயல்நாட்டுக்குச் செல்ல விரும்பினால் சட்டம் எவ்வளவு கனிவாக இருக்கிறது என்பதையும் காண வேண்டும். 2022 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறைகள் இந்திய, அயல்நாட்டு நிறுவனங்களுக்கிடையே கூட்டுப் பட்டத்துக்கும் இரட்டைப் பட்டத்துக்கும் வழி வகுத்தன. உரிய தரமதிப்பீடு பெற்ற இந்தியப் பல்கலைக்கழகம், உலகத் தரவரிசையில் முதல் 1000 இடங்களுக்குள் உள்ள நிறுவனத்தோடு முன் அனுமதி பெறாமலேயே கைகோக்கலாம். அங்கே படித்த பாடங்களின் கிரெடிட்டுகள் இங்குள்ள பட்டத்தில் சேரும். ஆக, நடைமுறை தெரியாது என்று இனி எவரும் சொல்ல முடியாது. கிரெடிட்டை மாற்றுவது எப்படி, கட்டணத்தைப் பகிர்வது எப்படி, இரு முத்திரைகளோடு பட்டம் அச்சிடுவது எப்படி என எல்லாம் தெரிந்திருக்கிறது. கடலுக்கு அப்பால் உள்ளவருக்கு மட்டும்.

இந்தியாவுக்குள் கிரெடிட் மாற்றத் தடை இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2021ஆம் ஆண்டின் கிரெடிட் வங்கி ஒழுங்குமுறைகள் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையே மதிப்பெண்ணைச் சேமிக்கவும் மாற்றவும் வழி திறந்துவிட்டன. கதவு திறந்தே கிடக்கிறது. நடந்து போகப் பாதை போடும் பொறுப்பை எந்தப் பதிவாளர் அலுவலகமும் எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணிக்கை தின்னும் ஒப்பந்தங்கள்

இதற்குத் தனிமனிதர்களைக் குறை சொல்வது எளிது; காரணம் அதைவிட ஆழமானது. நாக் அமைப்பு நெடுங்காலம் பின்பற்றிய கையேட்டில் ஆய்வுக்கான மூன்றாம் அளவுகோலின்கீழ், கடந்த ஐந்தாண்டுகளில் நடைமுறையில் உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் எத்தனை என்பது ஒரு கணக்கு. கியூஎஸ் உலகத் தரவரிசை அயல்நாட்டு ஆசிரியர் விகிதத்துக்கு 5 விழுக்காடு, அயல்நாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 விழுக்காடு, பன்னாட்டு ஆய்வு வலைப்பின்னலுக்கு 5 விழுக்காடு தருகிறது. டைம்ஸ் தரவரிசையில் பன்னாட்டு நோக்குக்கு 7.5 விழுக்காடு. எண்ணப்படுவது பெருகும், எண்ணப்படாதது தேயும். ஒப்பந்தம் எண்ணப்படுகிறது. அதன்கீழ் ஒரு மாணவி எதைக் கற்றுத் திரும்பினாள் என்பது எண்ணப்படுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் வட்டாரப் பன்மைக்கு ஒதுக்கும் 30 மதிப்பெண்ணில் 25 பிற மாநில மாணவர்களின் விகிதத்துக்கு. 5 மட்டுமே பிற நாட்டு மாணவர்களின் விகிதத்துக்கு. களியக்காவிளையிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறி வரும் மாணவரும் அந்தக் கணக்கில் பிற மாநில மாணவரே. மதிப்பெண் ஆசைக்காகவேனும் பல்கலைக்கழகங்கள் எல்லைப்புற ஊர்களை நோக்கித் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பேருந்தில் வருபவரோடு எடுத்த படம் முகநூலில் எடுபடாது என்பதுதான் காரணம் போலும்.

ஒன்றிய அரசின் பரிமாற்றத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே. 2015இல் அறிவிக்கப்பட்ட 'ஏக் பாரத் சிரேஷ்ட பாரத்' திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இணை ஜம்மு காஷ்மீர். கேரளத்துக்கு இணை இமாசலப் பிரதேசம். விளவங்கோட்டு மாணவர் காஷ்மீர் போகலாம், நெய்யாற்றின்கரை மாணவர் சிம்லா போகலாம். இருவரும் இமயத்தைப் பார்த்துத் திரும்பலாம். அடுத்தடுத்த ஊர்க்காரர்களான அவ்விருவரும் ஒரே வகுப்பறையில் ஒரு பருவம் உட்கார்ந்து படிக்க மட்டும் திட்டமில்லை.

அயல்நாட்டு உறவு தீதா?

இத்தகைய விமரிசனத்துக்கு உடனே வரும் மறுமொழி, 'உலகத்தோடு உறவு வேண்டாம் என்கிறீர்களா' என்பது. இந்த மண்ணின் வரலாறே அதற்கு விடை. திருவனந்தபுரத்துக்கும் உலக அறிவுலகுக்கும் இடையே நிகழ்ந்த உண்மையான ஒத்துழைப்புகள் பெருமைக்குரியவை. அவை இன்றைய ஒப்பந்தங்களிலிருந்து எந்த இடத்தில் வேறுபட்டன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் எழுந்தது. ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் ஆலன் பிரவுன் 1852 முதல் அதன் இயக்குநர். நெய்யாறு ஊற்றெடுக்கும் அகத்தியமலை உச்சியில் 1855இல் அவர் மற்றோர் ஆய்வகம் கட்டினார். காந்தப் புலத்தின் மாறுபாட்டை மலையுச்சியிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டியிருந்தது. நூறாண்டு கழித்து 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏறியது. ராக்கெட் அமெரிக்காவினது, அதில் ஏற்றப்பட்ட கருவி பிரான்சினது. அவர்கள் தும்பாவுக்கு வந்தது காந்த நிலநடுக்கோடு அதனருகே செல்வதால். இரண்டு நிகழ்விலும் இந்த இடத்தில் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருந்தது. உலகம் அதற்காக இங்கே வந்தது. தும்பாவில் தொடங்கிய பணி இந்நாட்டின் விண்வெளித் துறையாக இங்கேயே வேர்விட்டது.

மொழியியலில் இதற்கு நிகரான சான்று வ. அய். சுப்பிரமணியம். நாகர்கோவில் வடசேரியில் பிறந்தவர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்த பொருள் நாஞ்சில் நாட்டுத் தமிழ் வழக்கு. புதிய முறையியலை அயலில் கற்றார். கேள்வியைத் தம் ஊரிலிருந்து கொண்டுபோனார். திரும்பி வந்து 1963இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை நிறுவினார். 1964இல் தனிநாயக அடிகள் முதலியோரோடு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றத் துணைநின்றார். 1971இல் திராவிட மொழியியல் கழகம், 1972இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் ஆய்விதழ், 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனம். ஈழவர், தீயர் பேச்சு வழக்கை மாவட்டந்தோறும் அளந்த மலையாளக் கிளைமொழி ஆய்வு 1974இல் நூலானது. 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். தமிழரான அவர் மலையாளத்தின் கிளைமொழிகளை அளந்தார். கேரளத்தில் பணியாற்றிய அவரைத் தமிழ்நாடு அழைத்துக்கொண்டது. எல்லையின் இரு பக்கத்தையும் தம் பணியிடமாகக் கொண்டதால்தான் உலகுக்குச் சொல்ல அவரிடம் செய்தி இருந்தது.

நெய்யாற்றின்கரைக்காரரான ஜி. ராமச்சந்திரன் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றார். உலகமே ஒரு கூட்டில் கூட வேண்டும் என்ற கனவில் எழுந்த நிறுவனம் அது. அங்கு கற்றதை அவர் கொண்டுவந்து நட்ட இடம் தமிழ்நாடு. 1947இல் சவுந்தரம் அம்மையாரோடு திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமம் பின்னர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. எல்லைப்புற ஊர்களுக்குப் பன்னாட்டுப் பார்வையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எச்சரிக்கைக்கும் இதே கரையில் சான்றுகள் உள்ளன. 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை மூன்றும் ஒப்பந்தம் செய்து கொல்லம் நீண்டகரையில் மீனவர் வாழ்வை உயர்த்தும் திட்டத்தைத் தொடங்கின. நோக்கம் மீனவர் நலமே. காலப்போக்கில் இறால் ஏற்றுமதியும் இழுவைப் படகுகளும் கேள்வியையே மாற்றிவிட்டன. பாரம்பரிய மீனவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1988இல் கேரளம் மழைக்கால இழுவைமடித் தடையைக் கொண்டுவந்தது. ஒத்துழைப்பில் எவருடைய கேள்வி வெல்கிறது என்பதைக் கண்காணிக்காவிட்டால் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதே நீண்டகரை தரும் பாடம்.

அகத்தியமலைக் காணிகளின் கதை இன்னும் நுட்பமானது. 1987இல் காட்டுக்குள் வழிகாட்டிச் சென்ற காணிகள் களைப்பு நீக்கத் தின்ற ஆரோக்கியப் பச்சையின் காய் அறிவியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது. பாலோட்டுத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கு உரிமம் தந்தது. வருவாயில் பாதி காணிகளுக்கு என முடிவாகி, 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. மரபறிவின் பயனைப் பகிர்ந்துகொண்ட முன்னோடியாக உலகம் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறது. ஆனால் அந்த அறக்கட்டளையின் பெயரே 'கேரளக் காணி' என்று தொடங்குகிறது. அதே மலையின் தென்சரிவிலும் கீழ்ச்சரிவிலும், பேச்சிப்பாறையிலும் பாபநாசத்திலும் வாழும் காணிகளுக்கும் அந்தச் செடி தெரியும். காட்டுக்கு இல்லாத கோடு அறிவின் பங்கீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எல்லையில் கிடக்கும் கேள்விகள்

உலகம் இங்கே வந்து கேட்க வேண்டிய கேள்விகள் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டும். 2004இல் தண்ணீர் நின்றது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையேயான ஆறே இல்லை என்பது கேரளத்தின் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கறிஞர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். இரு மாநிலப் பல்கலைக்கழகங்களின் நீரியல் துறைகளும் ஒன்றாக அமர்ந்து மழை, நீர்வரத்து, பயிர்த் தேவை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் வைத்திருந்தால் வாதாடுவோர் கையில் பொதுவான எண்களாவது இருந்திருக்கும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களும் பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்களும் ஒரே கடலில் சிக்கினர். தூத்தூர்க் கரையின் ஆழ்கடல் மீனவர் பலர் கொச்சித் துறைமுகத்திலிருந்து தொழில் செய்பவர்கள். தமிழ்நாட்டுக் குடிகள், கேரளத் துறைமுகத்திலிருந்து, இந்தியக் கடலில் இறந்தார்கள். இரு அரசுகளும் தனித்தனியே பட்டியலிட்டன. எச்சரிக்கை எந்த மொழியில், எந்த அலைவரிசையில், எந்த மணிக்கு எவரை எட்டியது என்பது இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய வேண்டிய பொருள். காலநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்துவோர்க்கு அந்தக் கரை பேருந்து தூரம்.

மொழி இன்னொன்று. தாயின் மொழி ஒன்றாகவும் தேர்வின் மொழி மற்றொன்றாகவும் இருக்கும் குழந்தை எப்படிக் கற்கிறது, எந்தத் தலைமுறையில் எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்பது உலகெங்கும் ஆராயப்படும் பொருள். பாறசாலையின் ஒவ்வொரு பள்ளியும் அதற்கு ஓர் ஆய்வகம். அந்த ஊர்ப் பிள்ளைகளோ ஆய்வாளராக உருவாக வழியில்லாமல், ஆய்வுப் பொருளாகவே எஞ்சும் நிலையில் விடப்பட்டிருக்கிறார்கள்.

ரைன் நதிக்கரை சொல்வது

எல்லைப்புறம் மாநில அரசின் வேலை, பல்கலைக்கழகத்தின் வேலை உலகத் தரம் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் போற்றும் ஐரோப்பாவே அதை மறுக்கிறது. 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது பங்கேற்றவை 11 நாடுகள்; எல்லாம் ஒன்றுக்கொன்று அண்டை அயல். மேல் ரைன் பகுதியில் பாசல், ஃபிரைபர்க், ஸ்திராஸ்பூர், முல்ஹவுஸ், கார்ல்ஸ்ரூஹ பல்கலைக்கழகங்கள் 1989 முதல் யூகோர் என்ற கூட்டமைப்பாக இயங்குகின்றன. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு என மூன்று நாடுகள், இரண்டு மொழிகள். ஒன்றில் பதிவு செய்த மாணவர் மற்றவற்றில் கூடுதல் கல்விக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஸ்திராஸ்பூர் நகரம் 1870க்கும் 1945க்கும் இடையில் நான்கு முறை நாடு மாறியது. இலட்சக்கணக்கானோர் மடிந்த எல்லையில் அவர்களால் மாணவரை நடமாடவிட முடிந்திருக்கிறது. ஒரே நாடு, ஒரே மானியக் குழு, ஒரே நாணயம் உள்ள இடத்தில் முடியாது என்பது நம்பத்தகுந்த சாக்கு அல்ல.

அயல்நாட்டு உறவு நிதி கொண்டுவரும், அண்டைப் பல்கலைக்கழக உறவு என்ன கொண்டுவரும் என்பது அடுத்த வாதம். நிதி தரும் அயல்நாட்டு நிறுவனம் கேட்பது களமும் தரவும். எல்லையின் ஒரு பாதியை மட்டும் காட்டும் தரவு அரைத் தரவு. இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே களத்தை முன்வைத்தால் பேரம் பேசும் வலிமை கூடும். பிரிந்து நின்றால் இரண்டும் தரவு திரட்டித் தரும் துணை ஒப்பந்தக்காரர்களாகவே இருக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கும் எதிரே எத்தனை மாணவர், எத்தனை மாதம், எவர் செலவில், என்ன வெளியீடு என்ற பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாண்டு வெறுமையாகக் கிடக்கும் ஒப்பந்தத்தைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

இரண்டாவது, கேரளப் பல்கலைக்கழகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் ஒரு பருவப் பரிமாற்றத்தைத் தொடங்க வேண்டும். மாணவர் தம் பல்கலைக்கழகத்திலேயே பதிவில் இருப்பார்; கட்டணமும் உதவித்தொகையும் இடஒதுக்கீட்டு உரிமையும் அங்கேயே தொடரும்; இடப்பெயர்வுச் சான்றிதழ் தேவைப்படாது; கிரெடிட் மட்டும் மாறும். சேர்க்கையே மாறாதபோது உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் குறுக்கே நிற்காது.

மூன்றாவது, எல்லைப் பகுதியைக் களமாகக் கொள்ளும் எந்தப் பன்னாட்டு ஆய்விலும் இரு பக்கத்துப் பல்கலைக்கழகங்களும் பங்காளிகளாக இருக்க வேண்டும். முடிவுகள் தமிழிலும் மலையாளத்திலும் அந்த ஊர் மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.

நான்காவது, அயல்நாட்டுப் பரிமாற்ற இடங்களில் எல்லைப்புற அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்களுக்குப் பங்கு வேண்டும். பயணச் செலவை முன்பணமாகத் தர வேண்டும். முதலில் செலவழி, பிறகு ரசீது காட்டிப் பெற்றுக்கொள் என்ற விதி, செலவழிக்க இயலாதவரை விண்ணப்பிக்கும் முன்பே வெளியேற்றிவிடுகிறது.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. இரண்டு கல்விக் குழுக்களின் தீர்மானம் போதும்.

ஒரு பழைய சாலை

புதுக்கடையை அடுத்த பார்த்திவபுரத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரம் சாலையை நிறுவினான். 95 மாணவர்க்கு அங்கே உணவும் உறையுளும் கல்வியும் இருந்ததைச் செப்பேடு சொல்கிறது. அது பார்ப்பன மாணவர்க்கு மட்டுமான சாலை. இன்றைய கல்விக்கு முன்மாதிரியாக அதைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும் அதன் சேர்க்கை விதிகளுள் ஒன்று எண்ணத்தக்கது. மாணவர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறையையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு சிற்றரசன் தன் நாட்டெல்லைக்கு அப்பாலுள்ள வழக்காற்றை அறியாதவரைக் கற்றவராக ஏற்கவில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், அந்த ஊருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, இரண்டு அரசுகளின் மொழியையும் நடைமுறையையும் பிறப்பிலேயே அறிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் எந்தப் படிவத்திலும் அந்த அறிவுக்கு ஒரு கட்டம் இல்லை.

அடுத்த ஒப்பந்தத்துக்காக மேசை விரிக்கப்பட்டு இரு கொடிகள் நடப்படும்போது, அவையில் இருக்கும் ஓர் ஆசிரியரோ மாணவரோ எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும்: இதன்கீழ் பாறசாலையிலிருந்து முதலில் போகப்போகும் மாணவி யார், அவளுடைய பயணச்சீட்டை வாங்குவது யார்? அதற்கு விடை கிடைத்த பிறகு கையெழுத்திடலாம்.